முதல் கவுன்சிலர் சரிப்படவில்லை, அடுத்தவரை எப்படித் தேடுவது?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறாள். குழந்தை மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போனாலே பெரிய விஷயம். தெரிந்தவர்கள் சொன்ன ஒரு கவுன்சிலரிடம் மூன்று முறை அழைத்துப் போனேன். அவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் மூன்றாவது முறை, அவள் தனியாகச் சொன்னதையெல்லாம் என்னை உள்ளே கூப்பிட்டு அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார். "இனிமே யார்கிட்டயும் வர மாட்டேன்" என்கிறாள். "வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்கிறார் அவள் அப்பா. நல்ல தெரபிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வர மறுக்கிறவளை எப்படி அழைத்துப் போவது? அவள் உள்ளே என்ன பேசுகிறாள் என்று அம்மாவான எனக்குத் தெரிய வேண்டாமா?

பதில்:

உங்கள் மகள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நம்பிச் சொன்னது கதவுக்கு வெளியே போனால் பெரியவர்களும் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். அவள் வேண்டாம் என்பது சிகிச்சையை அல்ல, அன்றைக்கு நடந்ததை. அதனால் கதவு முழுதாக மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

"நல்ல தெரபிஸ்ட் யார்?" என்று ஊரெல்லாம் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். யாரோ ஒருவருடைய திருமணச் சிக்கலை அழகாகத் தீர்த்து வைத்தவர் உங்கள் மகளுக்கு உதவுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "பள்ளிக்குப் போகத் தயங்கும் 13 வயதுப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்?" என்று கேளுங்கள். பெயர்கள் சட்டென்று குறைந்துவிடும். மிஞ்சுகிற பெயர்களில் பயன் இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். கடிதத்தை மட்டும் வைத்து அவளுக்கு இன்னதுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: விடுமுறை நாட்களில் அந்த வயிற்று வலி வருகிறதா? லீவில் காணாமல் போய், பள்ளி திறக்கிற முந்தைய இரவு திரும்பி வந்தால், பின்னால் பதற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் வலி நிஜமான வலிதான். மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு நெருக்கமானது. பயம் வயிற்றைத்தான் முதலில் பிடிக்கும். "நடிக்கிறியா?" என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

பள்ளிக்குப் போக முடியாமல் போவது ஒரு நோயின் பெயர் அல்ல, பல காரணங்கள் வந்து சேருகிற இடம். கூட்டத்தில் பேசப் பயம், உங்களைப் பிரிந்திருக்கப் பயம், மனச்சோர்வு, இதுவரை யாரும் கவனிக்காத படிப்புக் குறைபாடு, வகுப்பில் யாரோ சீண்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். காரணம் மாறினால் சிகிச்சையும் மாறும். அதனால் உங்களுக்கு முதலில் தேவை அறிவுரை சொல்பவர் அல்ல, மதிப்பீடு செய்பவர். முதல் ஒன்றிரண்டு சந்திப்புகளைக் கேள்வி கேட்பதற்கே ஒதுக்குகிறவர், உங்களிடம் தனியாகவும் அவளிடம் தனியாகவும் பேசுகிறவர், அவளுடைய சின்ன வயதுப் பழக்கம், தூக்கம், மதிப்பெண், தோழிகள் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறவர், தேவைப்பட்டால் ஆசிரியரிடமும் பேச அனுமதி கேட்கிறவர். வந்த பத்தாவது நிமிடமே தீர்வு சொல்கிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

சீண்டல்தான் காரணம் என்று தெரிந்தால், அதைப் பள்ளி நிறுத்த வேண்டும். தினமும் அவமானப்படுகிற பிள்ளையை அறைக்குள் உட்காரவைத்துத் தைரியமாக இரு என்று பயிற்சி கொடுப்பது நியாயமே இல்லை.

சரி, யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்கிற சைக்கியாட்ரிஸ்ட், மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்கிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் செய்வார். பொதுவாக மருந்து எழுத மாட்டார். கவுன்சிலர் என்ற பெயருக்குள் நல்ல பயிற்சி பெற்றவரும் இருப்பார், சில வாரச் சான்றிதழை மாட்டி வைத்திருப்பவரும் இருப்பார். தெரபிஸ்ட், கவுன்சிலர் என்று போட்டுக்கொள்ள உரிமம் கேட்காத நாடுகள் நிறைய. எனவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: என்ன பட்டம், எங்கே பதிவு செய்திருக்கிறார், குழந்தைகளோடும் பதின்ம வயதினரோடும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்திருக்கிறாரா. மூன்றாவதைத்தான் பெரும்பாலான பெற்றோர் கேட்பதில்லை. பெரியவர்களோடு மட்டும் வேலை செய்தவர் 13 வயதுப் பெண்ணை ஒரு குட்டிப் பெரியவளாக நடத்துவார். சின்னக் குழந்தைகளை மட்டும் பார்ப்பவர் பொம்மையை எடுத்து முன்னால் வைத்தால், அவள் அடுத்த வாரம் வர மாட்டாள்.

தேடத் தொடங்க நல்ல இடம் அவளை ஏற்கெனவே பார்த்த குழந்தை மருத்துவர். அவரிடம் "யாரிடம் அனுப்பினால் பிள்ளைகள் தேறித் திரும்புகிறார்கள்?" என்று கேளுங்கள். சில மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கும். பல்கலைக்கழக உளவியல் துறைகள் சில கிளினிக் நடத்துகின்றன. அங்கே மாணவர்கள் பார்ப்பார்களே என்று தயங்காதீர்கள். ஒவ்வொரு செஷனையும் பேராசிரியர் ஒருவர் கேட்டறிந்து திருத்துவார். தனியாகத் தொழில் செய்கிற எல்லாருக்கும் அந்தக் கவனிப்பு வாய்ப்பதில்லை. கட்டணமும் குறைவாக இருக்கும்.

இப்போது சிகிச்சை முறை. பிரச்சினை பதற்றம் என்றால், குழந்தைகளிடம் அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சிபிடி என்பார்கள். அதன் உயிர்நாடி, பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது. முதலில் பள்ளி முடிந்த பிறகு சாயங்காலம் வளாகத்துக்குள் ஒரு நடை. அப்புறம் பிடித்த ஆசிரியர் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வருவது, அப்புறம் ஒரு பாடவேளை, அப்புறம் அரை நாள். எந்தப் படி முதலில் என்பதை அவளும் சேர்ந்து முடிவு செய்வாள். மூச்சுப் பயிற்சியும் ஆறுதல் வார்த்தையும் மட்டும் கொடுத்து, "மனசு தயாரானதும் பள்ளிக்குப் போகலாம், அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்பவர் கனிவானவராகத் தெரிவார். ஆனால் பதற்றத்தின் குணமே வேறு. போகாமல் இருந்துவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியைப் பார்த்து மூளை, "தப்பித்தோம், அங்கே ஆபத்து இருந்தது உண்மைதான்" என்று படித்துக்கொள்கிறது. மறுநாள் பயம் இன்னும் கொஞ்சம் கூடும். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்குகிறது. அதனால் "படிப்படியாக எதிர்கொள்கிற பயிற்சி செய்வீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். சிபிடி செய்கிறேன் என்று சொல்பவர்களிலேயே இந்தப் பகுதியைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை அழுவதைப் பார்க்க அவர்களுக்கும் சங்கடம்தான்.

வேறு பிரச்சினைக்கு வேறு வழி. கையைக் கிழித்துக்கொள்ளும் பதின்ம வயதினருக்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி என்ற, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்குகிற முறையை அவர்கள் வயதுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். சாப்பிட மறுத்து உடல் இளைக்கும் அனோரெக்சியாவுக்குப் பெற்றோரையே முன்னிறுத்துகிற குடும்பவழிச் சிகிச்சை. ஏழெட்டு வயதுக்குக் கீழே அடம், ஆத்திரம் என்று வந்தால் பெரும்பாலும் பயிற்சி பெற்றோருக்குத்தான். எந்தப் பிரச்சினை என்றாலும் தன்னிடம் ஒரே முறைதான் என்கிறவர், காது வலிக்கும் கால் வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியர் மாதிரி.

மருந்து என்றதும் பல பெற்றோர் பின்வாங்குவார்கள், அதனால் ஒரு தகவல். பதற்றக் கோளாறு இருந்த 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. 12 வாரத்தில், சிபிடி மட்டும் எடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம். இரண்டும் சேர்ந்தபோது 81 சதவீதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 24 சதவீதம். ஆகவே பேச்சுவழிச் சிகிச்சையில் தொடங்கலாம். போதவில்லை என்றால் மருந்து சேர்ப்பது தோல்வி அல்ல. ஒரு எச்சரிக்கையும் உண்டு: இந்த வகை மருந்துகள் இளம் வயதினர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரித்தது. அதனால் முதல் சில வாரங்களில் அடிக்கடி பார்த்துக் கண்காணிக்கிற மருத்துவரிடம் மட்டுமே தொடங்குங்கள்.

ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன் போனில் பத்து நிமிடம் பேசுங்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா? தேறுகிறாளா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? பள்ளியோடு பேசுவீர்களா? அவள் சொல்வதில் எதை எங்களிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள்? கட்டணம் எவ்வளவு, ஒரு செஷன் தவறினால் என்ன செய்வது என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பதிலோடு பதில் சொல்கிற விதத்தையும் கவனியுங்கள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கிறவர் உங்கள் மகளின் கேள்விகளை எப்படித் தாங்குவார்? நூறு சதவீதம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பவரும் வேண்டாம், முதல் நாளே மொத்தமாகப் பணம் கட்டச் சொல்பவரும் வேண்டாம்.

அவர் நன்றாகப் பேசினார் என்று முதல் கவுன்சிலரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்: தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் நடுவில் பாசப் பிணைப்பு இருந்தால் மட்டும் ஆகாது, எதற்காகச் சந்திக்கிறோம் என்பதிலும் என்ன செய்யப் போகிறோம் என்பதிலும் உடன்பாடு வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் அடிக்கடி அடிபடுவது இந்த இரண்டும்தான். அம்மாவின் இலக்கு முழு வருகைப் பதிவு. மகளின் இலக்கு, மதிய இடைவேளையில் தனியாக உட்காராமல் இருப்பதாக இருக்கலாம். அவளுடைய இலக்கையும் கேட்டு எழுதிக்கொள்கிற தெரபிஸ்டிடம் அவள் திரும்பிப் போவாள்.

உள்ளே என்ன பேசுகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? எல்லாம் தெரிய வேண்டியதில்லை. சிலது கட்டாயம் தெரிய வேண்டும். அவள் தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருந்தால், யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், அது அறைக்குள் நிற்காது. அதேபோல் சிகிச்சை எந்தத் திசையில் போகிறது, முன்னேற்றம் உண்டா, வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மற்றது அவளுடையது. எந்தத் தோழியோடு சண்டை, யாரைப் பிடித்திருக்கிறது, உங்கள் மேல் என்ன கோபம் என்பதெல்லாம் உங்கள் காதுக்கு வர வேண்டியதில்லை. பெற்றோர் கேட்டால் குறிப்புகளைக் காட்ட வேண்டும் என்று சில நாடுகளில் சட்டம் இருக்கலாம். சட்டம் அனுமதித்தாலும் கேட்காமல் இருப்பது உங்கள் கையில். நல்ல தெரபிஸ்ட் இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே உங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிவிடுவார். பிறகு சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால்கூட, முதலில் அவளிடம், "இதை அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்பார். அன்றைக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான்.

நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. பெற்றோருக்கு எதுவுமே சொல்ல முடியாது என்று மொத்தமாகக் கதவடைக்கிறவர், "இது நமக்குள் இருக்கட்டும்" என்று பிள்ளையிடம் ரகசியம் பேசுகிறவர், நேரம் காலம் இல்லாமல் தனிப்பட்ட மெசேஜ் அனுப்புகிறவர். இவர்களிடமிருந்து உடனே விலகுங்கள்.

செஷன் முடிந்து வரும் வழியில் "என்ன பேசினே?" என்று கேட்காமல் இருப்பது கஷ்டம்தான். கேட்காதீர்கள். அவளாக வாய் திறந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அறிவுரை சேர்க்காமல்.

அவளை எப்படி அழைத்துப் போவது என்பதற்கு வருகிறேன். முதலில் நடந்ததை ஒப்புக்கொள்ளுங்கள். "அன்னைக்கு நீ நம்பிச் சொன்னதை உன் முன்னாடியே சொன்னது சரியில்லை. அடுத்து பார்க்கிறவர்கிட்ட முதல்லயே இதைப் பேசிடுவோம்." இவ்வளவு போதும், நீட்ட வேண்டாம். இரண்டொரு நாள் கழித்துத் தேர்வை அவள் கையில் கொடுங்கள். ஆணா பெண்ணா, நேரிலா வீடியோவிலா, உங்கள் பட்டியலில் இருக்கிற இருவரில் யார் என்று அவள் சொல்லட்டும். போவதா வேண்டாமா என்பதை மட்டும் அவள் தேர்வுக்கு விடாதீர்கள். மூன்று நான்கு முறை பார், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வேறு ஒருவரைத் தேடுவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். வேறெங்கோ போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப் போவது, வந்தால் போன் வாங்கித் தருகிறேன் என்பது, வராவிட்டால் ஹாஸ்டலில் சேர்ப்பேன் என்பது எல்லாம் முதல் நாளோடு சரி. வீடியோ என்றால் அவளுக்குக் கதவு மூடிய அறையும் ஹெட்போனும் வேண்டும். பக்கத்து அறையில் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் அது தெரபி ஆகாது.

அப்படியும் வர மறுத்தால்? நீங்கள் போங்கள். இது ஒப்புக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எலி லெபோவிட்ஸின் குழு, பதற்றக் கோளாறு இருந்த 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் பிள்ளைகளுக்கு சிபிடி. மறு பாதியில் தெரபிஸ்டைப் பார்த்தது பெற்றோர் மட்டும், பிள்ளைகள் வரவே இல்லை. முடிவில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம். பயந்த பிள்ளைக்காக வீடு தன் பழக்கங்களை மாற்றிக்கொள்கிறது: அவள் கேட்டதும் லீவ் லெட்டர், ஒரே கேள்விக்குப் பத்து முறை சமாதானம், பள்ளியிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடிப்போய்க் கூட்டி வருவது. அன்பால் செய்கிற இந்த உதவிகள் பதற்றத்துக்குத்தான் தீனி. அவற்றைக் குறைப்பதையும், "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, உன்னால இதைத் தாண்ட முடியும்னும் தெரியுது" என்று ஒரே மூச்சில் சொல்வதையும் பெற்றோருக்குப் பழக்குகிறார்கள். அம்மா அப்பா போய் வருவதைப் பார்த்து, சில பிள்ளைகள் பிறகு தாங்களும் வருகிறோம் என்பதுண்டு.

எத்தனை நாள் பார்ப்பது? பதற்றத்துக்கான சிபிடி வழக்கமாக வாரம் ஒரு முறை, 12 முதல் 16 செஷன் வரை போகும். ஆறேழு செஷனில் சின்னதாகவாவது ஏதோ நகர்ந்திருக்க வேண்டும். முழு வாரமும் பள்ளிக்குப் போகாவிட்டாலும், வாசல்வரை போகிறாளா? நகரவில்லை என்றால் தெரபிஸ்டிடமே கேளுங்கள், திட்டத்தை மாற்றலாமா, வேறு ஒருவரைப் பரிந்துரைக்கிறாரா என்று. பயத்தை எதிர்கொள்ளத் தொடங்கும் வாரங்களில் அவள் முரண்டு பிடிப்பது சகஜம். அவள் வெறுப்பது கொடுத்த பயிற்சியையா, அந்த ஆளையா என்று பிரித்துப் பாருங்கள். பயிற்சியை என்றால் பொறுங்கள். ஆளை என்றால் மாற்றுங்கள். மாற்றும்போது சொல்லாமல் நிறுத்திவிடாமல், கடைசியாக ஒரு முறை போய்ச் சொல்லிக்கொண்டு வரட்டும்.

இவ்வளவு தேடலும் நேரம் இருப்பவர்களுக்கு. சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவள் பேசினாலோ எழுதினாலோ, காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாட்டை நிறுத்தினாலோ, இல்லாத குரல்கள் கேட்கின்றன என்றாலோ, அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பல பிள்ளைகள் பேசிவிடுவார்கள்.

கடைசியாக அவள் அப்பா. "வயசுக் கோளாறு" என்கிறாரே, வாழ்நாளில் வருகிற மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. தானாகச் சரியாவதும் உண்டு. ஆனால் பள்ளியை விட்டு விலகி மாதக்கணக்கில் ஆகும்போது காத்திருப்பதற்கு விலை அதிகம். இதை வைத்து அவரோடு வாதாட வேண்டாம். முதல் சந்திப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள், அவர் பார்த்ததை அவர் வாயாலேயே சொல்லட்டும். அங்கேயே தெரபிஸ்டிடம் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: காலையில் வயிறு வலிக்கிறது என்று அவள் படுக்கையில் அழும்போது நீங்கள் இருவரும் சொல்ல வேண்டிய ஒரே பதில் எது?